மூடிய கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது? 10 முதல் 19 வயது வரை உடல், மூளை, நட்பு, அடையாளம்: முழு விளக்கம்

காலை 7 மணி. தாம்பரம் ரயில் நிலையம். பீச் போகும் மின்சார ரயிலுக்காக யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகள் கூட்டமாக நிற்கிறார்கள். எல்லாரும் ஒன்பதாம் வகுப்புதான். ஆனால் ஒரு பையனுக்கு மீசை அரும்பிவிட்டது. பக்கத்தில் நிற்கும் அவன் நண்பனுக்கு இன்னும் குழந்தை முகம், குழந்தைக் குரல். அதே வகுப்புப் பெண் பிள்ளைகளில் சிலர் இந்த இருவரையும்விட உயரம்.

ஒரே வயசு, ஒரே வகுப்பு. ஆனால் ஆளுக்கொரு உடம்பு. இது இயல்பா, ஏதாவது கோளாறா?

வீட்டில் இருக்கும் பெற்றோரின் கேள்வி வேறு. "நேத்து வரைக்கும் ஸ்கூல்ல நடந்த எல்லாத்தையும் வந்து சொன்ன புள்ள, இப்ப ரூம் கதவைச் சாத்திக்குது. ஏதாவது கேட்டா எரிஞ்சு விழுது. என்ன ஆச்சு?"

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர், பெருங்களத்தூர், வண்டலூர் என எங்கு போனாலும் இந்தப் புலம்பலைக் கேட்கலாம். இந்த வயதில் உண்மையில் என்ன நடக்கிறது? எது இயல்பு? எதற்குப் பயப்பட வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

வளரிளம் பருவம் என்பது எந்த வயது?

10 முதல் 19 வயது வரை உள்ள காலத்தை வளரிளம் பருவம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இந்த வயதில் இருந்தவர்கள் சுமார் 25 கோடி பேர். அதாவது ஐந்து இந்தியர்களில் ஒருவர்.

இந்தக் காலத்தில் மூன்று மாற்றங்கள் நடக்கின்றன. உடல் மாறுகிறது. நெருக்கமான உறவு வட்டம் வீட்டிலிருந்து நண்பர்கள் பக்கம் நகர்கிறது. 'நான் யார்?' என்ற கேள்வி பிறக்கிறது. மூன்றும் ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் முடிவதில்லை. குழப்பத்தில் பாதி இதனால்தான் வருகிறது. உடம்பு பெரிய மனுஷ உடம்பாகிவிடும், மூளை இன்னும் வேலை முடியாத கட்டடமாக இருக்கும்.

உடலில் மாற்றம் எங்கிருந்து தொடங்குகிறது?

மூளையிலிருந்து. மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ், குறிப்பிட்ட வயது வரும்போது ஒரு ஹார்மோனை விட்டு விட்டுச் சுரக்கத் தொடங்கும். அது பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டும். பிட்யூட்டரி, பெண்களுக்குச் சினைப்பையையும் ஆண்களுக்கு விதைப்பையையும் தூண்டும். அங்கிருந்து ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன்கள் ரத்தத்தில் கலக்கும். இந்தச் சங்கிலி எப்போது தொடங்கும் என்பதை மரபணு, ஊட்டச்சத்து, உடல் எடை ஆகியவை சேர்ந்து தீர்மானிக்கின்றன.

பெண் பிள்ளைகளுக்குப் பொதுவாக 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண் பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் இது தொடங்கும். அதாவது ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு இடையே நான்கைந்து வருட வித்தியாசம் இருந்தாலும் இருவருமே இயல்பானவர்கள்தான். ரயில் நிலையத்தில் பார்த்த அந்த மீசைக்கும் குழந்தை முகத்துக்கும் இதுதான் விளக்கம்.

பெண் பிள்ளைகளுக்கு என்ன மாறும்?

வயசுக்கு வருவதுதான் முதல் அறிகுறி என்று பலர் நினைக்கிறார்கள். அது முதல் அறிகுறி அல்ல. மார்பக வளர்ச்சிதான் முதலில் தொடங்கும். அதன்பின் உயரம் வேகமாகக் கூடும். மார்பக வளர்ச்சி தொடங்கி ஏறக்குறைய இரண்டு, இரண்டரை வருடங்கள் கழித்தே முதல் மாதவிடாய் வரும். அப்போது உயர வளர்ச்சியின் வேகமான கட்டம் பெரும்பாலும் முடிந்திருக்கும். அதன்பிறகு இன்னும் சில சென்டிமீட்டர்தான் கூடும்.

எனவே, "பொண்ணு பெரியவளாகுற வரைக்கும் இதைப் பத்திப் பேச வேணாம்" என்று காத்திருப்பது தாமதம். நான்காம், ஐந்தாம் வகுப்பிலேயே அம்மாவோ, அக்காவோ, சித்தியோ எளிமையாகச் சொல்லி வைத்தால், பள்ளியில் திடீரென ரத்தத்தைப் பார்த்துப் பயந்து நிற்கும் நிலை வராது.

முதல் இரண்டு வருடங்களுக்கு மாதவிடாய் ஒழுங்கில்லாமல் வருவது சகஜம். 21 நாளிலும் வரலாம், 45 நாள் கழித்தும் வரலாம். ஆனால் மூன்று மாதம் வராமல் இருந்தால், ஏழு நாளுக்கு மேல் உதிரப்போக்கு இருந்தால், 15 வயதாகியும் முதல் மாதவிடாய் வரவில்லை என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

"பிராய்லர் சிக்கன் சாப்பிடுறதாலதான் பொண்ணுங்க சீக்கிரம் வயசுக்கு வந்துடுறாங்க" என்ற பேச்சும் பரவலாக உண்டு. கோழி வேகமாக வளர்வதற்குக் காரணம் இனத் தேர்வும் தீவனமும். ஹார்மோன் ஊசி என்பதற்கு ஆதாரம் இல்லை. பாட்டி காலத்தைவிட இப்போது சற்று முன்னதாகப் பருவமடைவதற்கு மேம்பட்ட ஊட்டச்சத்தும் கூடிய உடல் எடையுமே முக்கியக் காரணங்களாகப் பார்க்கப்படுகின்றன.

ஆண் பிள்ளைகளுக்கு யார் சொல்வது?

பெண் பிள்ளை வயசுக்கு வந்தால் மஞ்சள் நீராட்டு விழா, தாய்மாமன் சீர், மண்டபம், தெருமுனையில் ஃபிளெக்ஸ் பேனர். ஊருக்கே தெரியும். அந்த விளம்பரமே பல பெண் பிள்ளைகளுக்குக் கூச்சமாக இருக்கிறது என்பது தனிக்கதை. ஆனால் ஆண் பிள்ளை பருவமடைந்தால்? யாரும் எதுவும் சொல்வதில்லை. குரல் உடையும்போது கிண்டல் மட்டும் செய்வார்கள்.

ஆண்களுக்கு முதல் மாற்றம் விதைப்பை வளர்ச்சி. பிறகு ரோமம், குரல் மாற்றம், உயரம். உயரம் வேகமாகக் கூடும் கட்டம் பெண்களைவிடச் சுமார் இரண்டு வருடம் தாமதமாக வரும். ஏழாம், எட்டாம் வகுப்பில் பெண் பிள்ளைகள் உயரமாக இருப்பது இதனால்தான். முதலில் பாதமும் கையும் நீளும். உடம்பு பின்னால் வரும். ஆறு மாதத்தில் ஷூ சைஸ் மாறுவதும், நடக்கும்போது எதையாவது தட்டிவிடுவதும் இந்தக் கட்டத்தில்தான்.

வெளியே சொல்லவே முடியாமல் பசங்க தவிக்கும் விஷயங்கள் இரண்டு. ஒன்று, மார்பு லேசாக வீங்குவது. ஆண் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது வருகிறது. பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடத்தில் தானாகவே மறைந்துவிடும். இரண்டாவது, தூக்கத்தில் விந்து வெளியேறுவது. இது உடல் இயல்பாக வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம். இதனால் உடல் பலவீனமாகாது, படிப்பு கெடாது.

ஆனால் இந்தப் பயத்தை வைத்தே ஒரு வியாபாரம் நடக்கிறது. ரயில் பெட்டியிலும் பேருந்து நிலையச் சுவரிலும் ஒட்டியிருக்கும் 'இளைஞர்களே கவலை வேண்டாம்' வகை நோட்டீஸ்கள் குறிவைப்பது இவர்களைத்தான். விந்து போனால் சக்தி போய்விடும் என்ற பயத்தால் வரும் மனப் பதற்றத்துக்கு 'தாத் சிண்ட்ரோம்' என்று 1960-ல் பெயர் வைத்தார் இந்திய மனநல மருத்துவர் என்.என். விக். அப்பா ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசினாலே தீரக்கூடிய பயம் இது.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

பெண் பிள்ளைக்கு 8 வயதுக்கு முன்போ, ஆண் பிள்ளைக்கு 9 வயதுக்கு முன்போ பருவமடையும் அறிகுறிகள் தெரிந்தால் பார்க்க வேண்டும். பெண் பிள்ளைக்கு 13 வயது, ஆண் பிள்ளைக்கு 14 வயது ஆகியும் எந்த அறிகுறியும் இல்லை என்றாலும் பார்க்க வேண்டும். முதலில் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டலாம். குரோம்பேட்டை அரசு மருத்துவமனை, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவை இந்தப் பகுதி மக்களுக்கு எட்டும் தூரத்தில் உள்ளன.

"எப்பப் பாரு சோர்வா இருக்கா": சோம்பலா, ரத்தசோகையா?

2019-21-ல் நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கும் சற்று அதிகமானோருக்கு ரத்தசோகை இருக்கிறது. ஆண் பிள்ளைகளிலும் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இருக்கிறது.

உடல் வேகமாக வளரும்போது ரத்தத்தின் அளவும் கூட வேண்டும். அதற்கு இரும்புச்சத்து தேவை. பெண்களுக்கு மாதவிடாயில் இழப்பு வேறு. காலையில் ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் டிபன் சாப்பிடாமல் ஓடினால் இந்தக் கணக்கு இடித்துப்போகும். மூச்சு வாங்குதல், கவனம் சிதறுதல், எந்நேரமும் படுத்துக்கொள்ளுதல் எல்லாம் சோம்பேறித்தனமாகத் தெரியும். ஒரு சாதாரண ஹீமோகுளோபின் பரிசோதனை உண்மையைச் சொல்லிவிடும்.

அரசுப் பள்ளிகளில் வாரம் ஒரு முறை தரப்படும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை இதற்காகத்தான். வாந்தி வருகிறது என்று பலர் அதைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். சாப்பிட்ட பிறகு போட்டால் அந்தப் பிரச்சினை குறையும். மாத்திரையோடு டீ, காபி குடித்தால் இரும்புச்சத்து உடலில் சரியாகச் சேராது.

ராத்திரி தூங்காமல் முழிக்கிறார்களே?

இதற்குப் போன் மட்டும் காரணம் இல்லை. தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் ஹார்மோன், இந்த வயதில் வழக்கத்தைவிட ஒன்று, இரண்டு மணி நேரம் தாமதமாகச் சுரக்கிறது. குழந்தையாக இருந்தபோது 9 மணிக்குத் தூங்கிய பிள்ளைக்கு இப்போது 11 மணிக்குத்தான் தூக்கம் வரும். போன் வெளிச்சம் அதை இன்னும் தள்ளிப்போடும்.

13 முதல் 18 வயது வரை தினமும் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்பது மருத்துவர்களின் பரிந்துரை. புறநகரில் கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை டியூஷனுக்கோ, நகரத்துக்குள் இருக்கும் பள்ளிக்கோ போக 5.30-க்கு எழ வேண்டும். 11 மணிக்குத் தூங்கினால் ஆறரை மணி நேரம்தான். தினமும் ஒன்றரை மணி நேரம் கடன். திங்கள் முதல் வெள்ளி வரை ஏழரை மணி நேரக் கடன். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூங்குவது அந்தக் கடனை அடைக்கும் முயற்சி. அதைத் திட்டுவதால் பயனில்லை.

மூளையில் என்ன நடக்கிறது?

மூளையின் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் முதிர்வதில்லை. உணர்ச்சி, பரபரப்பு, பாராட்டு ஆகியவற்றுக்கு எதிர்வினை செய்யும் பகுதிகள் இந்த வயதில் தீவிரமாக வேலை செய்யும். "கொஞ்சம் பொறு, பின்னாடி என்ன ஆகும்னு யோசி" என்று சொல்லும் முன்மூளைப் பகுதி, 20 வயதைத் தாண்டி 25 வரைகூட முதிர்ந்துகொண்டே இருக்கும்.

எளிமையாகச் சொன்னால், ஆக்சிலேட்டர் வந்துவிட்டது, பிரேக் இன்னும் முழுசாக மாட்டப்படவில்லை. ஆனால் இதை வைத்து 'இந்த வயசுப் பசங்களுக்கு அறிவே கிடையாது' என்று முடிவு கட்டினால் தப்பு. அமைதியான சூழலில், யோசிக்க நேரம் கொடுத்தால், 16 வயதுப் பிள்ளை கிட்டத்தட்ட பெரியவர்கள் அளவுக்கு நன்றாகவே யோசிக்கும். சறுக்குவது சூடான நேரத்தில். அதிலும் குறிப்பாக, நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது.

நண்பர்கள் பார்த்தால் ஏன் துணிச்சல் கூடுகிறது?

அமெரிக்க உளவியலாளர்கள் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் 2005-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 13 முதல் 16 வயதுள்ளவர்கள், கல்லூரி வயதினர், 24 வயதைத் தாண்டியவர்கள் என மூன்று குழுக்களை கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் விளையாட்டை ஆட வைத்தார்கள். தனியாக ஆடும்போது மூன்று குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நண்பர்கள் பக்கத்தில் நின்று பார்த்தபோது, சிறு வயதினர் எடுத்த ரிஸ்க் வெகுவாகக் கூடியது. பெரியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை.

இதைப் புரிந்துகொள்ள அமெரிக்கா போக வேண்டியதில்லை. தனியாக வரும்போது சீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டு வரும் பையன், நாலு பேர் சேர்ந்தால் ரயில் படிக்கட்டில் தொங்குவான். 2019 ஜூன் மாதம் சென்னையில் 'பஸ் டே' என்ற பெயரில் பேருந்துக் கூரையில் ஏறிய கல்லூரி மாணவர்கள், டிரைவர் பிரேக் போட்டதும் கொத்தாகக் கீழே விழுந்த வீடியோவை யாரும் மறந்திருக்க முடியாது.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 2018 ஜூலையில் பரங்கிமலை ரயில் நிலையத்தில், படிக்கட்டில் தொங்கியபடி வந்த பயணிகள் தடுப்புச் சுவரில் மோதிப் பலர் உயிரிழந்தனர். அன்று ரயில் தாமதத்தால் கூட்டம் நெரிந்தது, உள்ளே இடமில்லை. எல்லா ஃபுட்போர்டு பயணமும் கெத்துக்காக அல்ல. ஆனால் சுவருக்கும் உடம்புக்கும் நடுவே எவ்வளவு குறைவான இடைவெளி இருக்கிறது என்பதை அந்த விபத்து காட்டியது. ரயில்வே சட்டத்தின் 156-வது பிரிவின்படி படிக்கட்டில், கூரையில் பயணம் செய்தால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம் உண்டு.

ஸ்கூட்டர் விஷயமும் அப்படித்தான். "பக்கத்துல கடைக்குத்தானே" என்று சாவியைக் கொடுக்கும் பெற்றோர் கவனிக்க வேண்டியது: 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால், பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். ஓட்டிய பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது.

நண்பர்கள் என்றாலே கெடுதல்தானா? இல்லை. இதே உந்துதல்தான் ஒரு பையனை கபடி டீமில் சேர வைக்கிறது, ரத்த தான முகாமில் நிற்க வைக்கிறது, குரூப் ஸ்டடியில் பாஸாக வைக்கிறது. யார் பார்க்கிறார்கள், எதற்குக் கைதட்டுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் காலி மனைகள் அடுக்குமாடிகளாக மாறியபோது பிள்ளைகள் இழந்தது அந்த மைதானங்களைத்தான். கைதட்டல் இப்போது போனில் லைக்காக வருகிறது. ஆட்டம் முடிந்தால் மைதானத்தில் கைதட்டலும் முடிந்துவிடும். போனில் அது ராத்திரி ஒரு மணிக்கும் முடிவதில்லை.

'நான் யார்?' என்ற கேள்வி

ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த உளவியலாளர் எரிக் எரிக்சன், மனித வாழ்க்கையை எட்டுக் கட்டங்களாகப் பிரித்தார். அதில் வளரிளம் பருவத்தின் முக்கிய வேலை, தன் அடையாளத்தைக் கண்டுபிடிப்பது என்றார். நான் எதை நம்புகிறேன், எதில் கெட்டிக்காரன், யாரோடு சேர்ந்தவன், என்னவாகப் போகிறேன் என்பவை அதில் அடங்கும்.

1966-ல் ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் இதை நான்கு நிலைகளாக விளக்கினார். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் பிளஸ் 1-ல் எந்த குரூப் எடுப்பது என்று வீடுகளில் நடக்கும் பேச்சை வைத்தே இந்த நான்கையும் புரிந்துகொள்ளலாம்.

முதல் நிலை, "ஏதோ ஒண்ணு, எனக்குத் தெரியல." தேடலும் இல்லை, முடிவும் இல்லை.

இரண்டாவது, "அப்பா பயோ-மேத்ஸ் எடுக்கச் சொன்னாரு, எடுத்துட்டேன்." முடிவு இருக்கிறது. ஆனால் தேடல் இல்லை. வேறு யாரோ எடுத்த முடிவு அது.

மூன்றாவது, "காமர்ஸ் எடுக்கலாமா, இல்ல கம்ப்யூட்டர் சயின்ஸா? சீனியர்கிட்ட கேட்டுட்டு இருக்கேன்." தேடல் நடக்கிறது. முடிவு இன்னும் இல்லை. பெற்றோருக்கு அதிக எரிச்சல் தருவது இந்த நிலைதான். ஆனால் ஆரோக்கியமான நிலை.

நான்காவது, தேடிப் பார்த்துத் தானே எடுத்த முடிவு.

இரண்டாவது நிலை வீட்டுக்கு நிம்மதியாக இருக்கும். பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்கிறதே! பலருக்கு அது ஒத்தும் போய்விடும். ஒத்துப்போகாதவர்களுக்குப் பிரச்சினை கல்லூரி இரண்டாம் வருடத்தில் அரியராக வெளிவரும்.

இதற்கு இந்தப் பகுதியிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்த ஏ.பி.ஜே. அப்துல் கலாம், அதற்கு முன் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் பட்டம் முடித்தவர். தனக்கான பாடம் இயற்பியல் அல்ல, பொறியியல் என்பது பட்டம் முடிக்கும் நேரத்தில்தான் தெரிந்தது என்று தன் சுயசரிதையில் குறிப்பிட்டிருக்கிறார். எம்.ஐ.டி. முடித்தபின் விமானப்படை விமானி ஆக முயன்றார். எட்டு இடங்களுக்கான தேர்வில் ஒன்பதாவதாக வந்து அந்த வாய்ப்பை இழந்தார். அதன்பிறகுதான் விஞ்ஞானி கலாம் உருவானார். 15 வயதில் எடுக்கும் முடிவு வாழ்க்கையின் கடைசி முடிவு இல்லை.

ரெடிமேட் அடையாளம் ஏன் ஆபத்து?

தேடுவதற்கு நேரமும் இடமும் இல்லாத பிள்ளைக்கு, ரெடிமேட் அடையாளத்தைக் கொடுக்க ஆள் தயாராக இருக்கிறது. பஸ் ரூட், 'ரூட்டு தல' பட்டம், நடிகரின் ரசிகர் கூட்டம், சாதி. எதுவும் யோசிக்க வேண்டாம். கையில் ஒரு கயிறு கட்டினால் போதும், நீ 'நம்ம ஆளு'.

இதன் உச்சம் 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் தெரிந்தது. பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பிளஸ் 2 மாணவரை, உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன்பின் தமிழ்நாடு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் அணியத் தடை விதிக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று.

அது தென் மாவட்டத்துப் பிரச்சினை என்று ஒதுங்கிவிட முடியாது. பல மாவட்டங்களிலிருந்து, பல மாநிலங்களிலிருந்து வந்து குடியேறியவர்களின் ஊர் தாம்பரம். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் இன்னொரு மொழி, சொந்த ஊரில் வேறு பழக்கம். 'நீ எந்த ஊரு?' என்ற கேள்விக்கே பதில் தெளிவில்லாத பிள்ளைகள் இங்கே நிறைய. வீட்டில் பேசித் தெளிவு கிடைத்தால் அந்தக் கலப்பே அவர்களுக்குப் பலம். கிடைக்காவிட்டால், வெளியே கிடைக்கும் கயிற்றைக் கட்டிக்கொள்வார்கள்.

காதல் வந்தால்?

இந்த வயதில் ஈர்ப்பு வருவது ஹார்மோனின் இயல்பான வேலை. அதை ஒழுக்கக்கேடாகப் பார்த்தால் பேச்சு நின்றுபோகும். பேச்சு நின்றால் ஆபத்து தொடங்கும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை இரு தரப்பும் தெரிந்திருக்க வேண்டும். 2012-ல் வந்த போக்சோ சட்டத்தின்படி 18 வயதுக்குக் கீழ் உள்ள அனைவரும் குழந்தைகள். அந்த வயதில் 'சம்மதம்' சட்டப்படி செல்லாது. 17 வயதுப் பெண்ணும் 19 வயதுப் பையனும் விரும்பிப் பழகினாலும், உடல் உறவு என்று வந்தால் பையன் மீது வழக்குப் பாயும். தகவல் தெரிந்தும் மறைப்பவர்கள் மீதும் நடவடிக்கை எடுக்கலாம்.

2021 ஜனவரியில் இப்படி ஒரு வழக்கை ரத்து செய்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், காதல் உறவில் இருக்கும் வளரிளம் பருவத்தினரைக் குற்றவாளிகளாக்குவது இந்தச் சட்டத்தின் நோக்கம் அல்ல என்று குறிப்பிட்டார். ஆனால் அது அந்த வழக்கின் சூழலைப் பார்த்து வந்த தீர்ப்பு. சட்டத்தில் வயது இன்னும் 18-தான். போலீஸ் ஸ்டேஷனில் போய் இதைத் தெரிந்துகொள்வதைவிட வீட்டிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

தன் பாலின அடையாளம் அல்லது ஈர்ப்பு மற்றவர்களிடமிருந்து வேறுபட்டது என்று சில பிள்ளைகள் உணர்வதும் இந்த வயதில்தான். அது நோய் அல்ல. பாலின ஈர்ப்பை மருத்துவத்தால் 'மாற்ற' முயல்வதைத் தடை செய்ய வேண்டும் என 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. 'குணப்படுத்துகிறேன்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

கதவைத் தட்டிவிட்டு உள்ளே போங்கள். தனிமை கேட்பது எதையோ மறைப்பதற்காக மட்டும் இல்லை. மாறும் உடம்போடும் மனசோடும் பழகிக்கொள்ள இடம் தேவைப்படுகிறது.

உட்கார வைத்து விசாரிக்காதீர்கள். முகத்துக்கு நேராகக் கேட்கும்போது வராத பதில், டூவீலரில் பின்னால் உட்கார்ந்து வரும்போதும், பாத்திரம் கழுவும்போதும், ரயிலில் பக்கத்தில் நிற்கும்போதும் தானாக வரும்.

சொந்தக்காரர்கள் முன்னால் உயரம், நிறம், பரு, எடை, மார்க் பற்றிப் பேசாதீர்கள். "என்ன இன்னும் வளரல?" என்ற ஒரு வார்த்தை வருடக்கணக்கில் நிற்கும்.

எல்லாவற்றுக்கும் சண்டை போடாதீர்கள். முடிவெட்டு, பாட்டு, டிரஸ் ஆகியவற்றில் விட்டுக்கொடுங்கள். தூக்கம், போதைப் பொருள், வண்டி, பாதுகாப்பு ஆகியவற்றில் உறுதியாக நில்லுங்கள். காரணத்தையும் சொல்லுங்கள்.

தப்பு செய்துவிட்டு வந்து சொன்னால், முதல் ஐந்து நிமிடம் திட்டாதீர்கள். அந்த ஐந்து நிமிடத்தில்தான், அடுத்த தடவை உங்களிடம் வந்து சொல்வதா வேண்டாமா என்று பிள்ளை முடிவு செய்கிறது.

எது இயல்பு இல்லை?

கோபம், தனிமை, மூட் மாறுதல் எல்லாம் வந்து வந்து போனால் இயல்பு. இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் கவனிக்க வேண்டும். நண்பர்களையும் தவிர்ப்பது, பிடித்த விளையாட்டையும் விடுவது, சாப்பாடும் தூக்கமும் அடியோடு மாறுவது, மார்க் திடீரெனச் சரிவது, உடம்பில் காயம் செய்துகொள்வது, "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" போன்ற பேச்சு ஆகியவை எச்சரிக்கை மணிகள். கடைசி இரண்டுக்கும் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. உடனே உதவி தேட வேண்டும்.

உலக அளவில் 10 முதல் 19 வயதுள்ளவர்களில் ஏழில் ஒருவருக்கு ஏதாவது ஒரு மனநலப் பிரச்சினை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் ஐந்தாறு பேர். அவர்களில் பலர் சிரித்துக்கொண்டே இருப்பார்கள். "சாகப் போறியா?" என்று கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அக்கறையோடு நேரடியாகக் கேட்பது எண்ணத்தைத் தூண்டாது, பேச வழி திறக்கும் என்பதே மனநல நிபுணர்களின் கருத்து.

உதவிக்கு யாரை அழைப்பது?

மனநல ஆலோசனைக்கு டெலி-மானஸ்: 14416
தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவி எண்: 104
பள்ளி மாணவர்களுக்கான வழிகாட்டி எண்: 14417
18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் ஆபத்தில் இருந்தால் குழந்தைகள் உதவி எண்: 1098
சிநேகா தற்கொலைத் தடுப்பு மையம், சென்னை: 044-24640050

இந்த எண்கள் பிள்ளைகளுக்கு மட்டுமில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் மூடிய கதவுக்கு வெளியே நிற்கும் அம்மாவும் அப்பாவும்கூட அழைக்கலாம்.